நீடோ டின்னில் பதினொரு கேசட்டுகள்

எங்கள் வாப்பா வஃபாத்தான இரண்டாம் ஆண்டில், மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்காகப் பரணை ஒழித்தபோது, மூடி துருப்பிடித்த பெரிய நீடோ டின் ஒன்று கிடைத்தது. வளைகுடாவுக்குப் போய்வந்தவர்களின் வீடுகளில் இந்த டின் இல்லாத பரண் இராது. பால்பவுடர் தீர்ந்த பின்னும் அது முப்பது ஆண்டுகள் உழைக்கும். பருப்பு, ஊசி நூல், நிலப்பத்திரம் என எதையும் காத்து நிற்கும். எங்கள் டின்னில் இருந்தவை 11 கேசட்டுகள். சிலவற்றில் வாப்பாவின் கையெழுத்தில் தேதி இருந்தது. ஒன்றில் நாகூர் ஹனீபா பாடல்கள் என்று அச்சிட்ட ஒட்டுத்தாள். மூன்றில் எந்தக் குறிப்பும் இல்லை.

டின்னைக் கீழே இறக்கியதும் உம்மா அதை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்கள். திறக்கவில்லை. "இதெல்லாம் ஒங்க வாப்பா பேசி அனுப்புனது" என்று மட்டும் சொன்னார்கள்.

இளைய வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். வாப்பா 1979 முதல் 1994 வரை சவூதியின் தம்மாமில், ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறை. எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். அன்று எங்கள் தெருவில் தொலைபேசி உள்ள வீடு ஒன்றே ஒன்று. கடிதம் வந்தால் அதை வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும். உம்மா குர்ஆனும் அரபுத்தமிழும் ஓதிப் படித்தவர்கள். தமிழ் எழுத்து அவ்வளவாகக் கூடிவராது. வாப்பாவோ பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்கள். அரபுத்தமிழ் எழுதிப் பழகாதவர்கள். ஆக, கணவன் மனைவிக்கு எழுதும் கடிதம் மாமனார் கண்ணிலும் மைத்துனர் வாயிலும் பட்டுத்தான் வந்துசேரும். கேசட்டுக்கு இந்த இடைவழி தேவைப்படவில்லை. ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால், உம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொள்வார்கள். மறுமொழியை அதே கேசட்டின் மறுபக்கத்திலோ, சில வேளை அதே பக்கத்தின் மேலோ பேசி, தம்மாம் போகிற இன்னொருவரிடம் கொடுப்பார்கள். வாப்பா விடுமுறையில் வரும்போது அவையெல்லாம் பெட்டிக்குள் திரும்பி வந்துவிடும்.

பிள்ளைகளாகிய நாங்கள் நால்வரும் கூடிப் பேசி, இவற்றைக் கணினியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். எப்படிச் செய்வது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. எனவே, பலரும் செய்வதைப்போல் நாங்களும் செய்தோம். தேதி எழுதிய கேசட் ஒன்றை நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தோம். நான்கு நாளில் ஒரு பென்டிரைவும் கேசட்டும் திரும்பி வந்தன. குரல் கேட்டது, ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டது. ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் சில்லறைக் காசு உரசுவதுபோல் ஒரு மினுமினுப்பு. கேசட்டிலோ, ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு நாடா கசங்கிச் சுருண்டிருந்தது.

உம்மா அந்தக் குறைகளில் எதையும் பேசவில்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கடத் தம்பி இத முழுசாக் கேட்டுச்சா?"

எங்களிடம் பதில் இல்லை. கேட்டிருக்கத்தான் வேண்டும். கேசட்டைக் கொடுக்கும்போது எங்களுக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம். பிறர் கண் படாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே கடிதத்தை விட்டுக் கேசட்டுக்கு மாறிய ஒரு தம்பதியின் பேச்சை, முன்பின் அறியாத ஒருவரின் ஹெட்ஃபோனுக்குள் நாங்களே கொண்டுபோய் வைத்திருந்தோம். மீதிப் பத்தையும் வெளியே கொடுப்பதில்லை, நாங்களே கற்றுக்கொண்டு செய்வோம் என்று அன்றே தீர்மானித்தோம். அப்போது இன்னொரு கேள்வி எழுந்தது. நாங்கள் மட்டும் கேட்கலாமா? பெற்றோரின் தனிப்பேச்சு அமானிதம் அல்லவா? கேட்காமலேயே அதை நாடாவிலிருந்து கணினிக்குச் சேதமின்றி மாற்ற முடியுமா?

முடியும் என்றார் எங்கள் ஊர் மைக் செட் காக்கா. கல்யாணம், மீலாது மேடை, தேர்தல் ஆட்டோ என்று நாற்பது ஆண்டுகளாக ஒலிபெருக்கி கட்டிவருபவர். ஒருகாலத்தில் ஊர் டேப் ரிக்கார்டர்கள் எல்லாம் அவர் மேசையில்தான் உயிர்பெற்றன. "காதால செய்ற வேலையில பாதிய முள்ளப் பாத்தே செய்யலாம்" என்றார். முள் என்று அவர் சொன்னது, ஒலியின் அளவைக் காட்டும் மீட்டரின் முள்ளை. இன்று அது கணினித் திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோடாகிவிட்டது. அவர் வாயில் மட்டும் இன்னமும் முள்தான்.

முதல் பாடம் கேசட்டைப் பற்றியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு பெட்டிக்குள் ஓடும் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது நகர்கிறது. 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் பேசி முடிக்க ஏறத்தாழ 86 மீட்டர் நாடா ஓடவேண்டும். பிளாஸ்டிக் நாடாவின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள்தாம் குரலைக் காந்தமாக வைத்திருப்பவை. அந்தக் காந்தத்தைத் தொட்டு வாசிப்பது 'ஹெட்'. நாடாவை ஹெட்டோடு ஒட்ட அழுத்திப் பிடிக்க, கேசட்டுக்குள் செப்புத் தகட்டின்மேல் ஒரு சிறு கம்பளித் துண்டு இருக்கிறது. அதற்கு 'பிரஷர் பேட்' என்று பெயர். எங்கள் கேசட்டுகளில் நான்கில் பசை காய்ந்து அது உதிர்ந்துபோயிருந்தது. பழைய கேசட்டில் குரல் மங்கிக் கேட்டால் நாடா செத்துவிட்டது என்று பலர் தூக்கி எறிகிறார்கள். பெரும்பாலும் செத்தது கடுகளவுள்ள இந்தக் கம்பளிதான். திருகாணி போட்ட வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து, நாடாச் சுருளை அதற்குள் மாற்றி வைத்தால் தீர்ந்தது.

இரண்டாவது, 'அஸிமத்'. ஹெட்டில் உள்ள மெல்லிய பிளவு, ஓடும் நாடாவுக்குச் சரியான செங்குத்தாக நிற்கவேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் கூர்மையான ஒலிகள் மறையும். ஸ, ஷ, ஃப ஆகியவை மழுங்கி, போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். வாப்பாவின் தம்மாம் டேப் ரிக்கார்டரில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு எங்கள் கருவியின் ஹெட்டைத் திருப்பினால்தான் குரல் தெளியும். ஹெட்டின் பக்கத்தில் அதற்கென ஒரு சிறு திருகாணி உண்டு. அதை மட்டும் மீட்டரைப் பார்த்துச் சரிசெய்ய முடியாது, காதால்தான் செய்யவேண்டும் என்றார் காக்கா. நாங்கள் தயங்கினோம். "முதல் ரெண்டு வார்த்த போதும். எல்லாரும் ஸலாம்ல தானே ஆரம்பிப்பாங்க?" என்றார். அது உண்மை. ஒவ்வொரு கேசட்டும் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றே தொடங்கியது. அந்தச் சொல்லில் ஸகரம் இரட்டித்து நிற்கிறது. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஸகரம் கூர்மையடையும் இடத்தில் திருகாணியை நிறுத்திவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுவோம். எஞ்சிய அரைமணி நேரமும் மீட்டர்தான்.

பயிற்சிக்கு நாகூர் ஹனீபா கேசட்டையே எடுத்துக்கொண்டோம். அது கடையில் வாங்கிய பாட்டுக் கேசட். அதில் யாருடைய இரகசியமும் இருக்காதே. காக்காவின் மேசையில் மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, சட்டென்று 'டக்' என்றொரு ஒலி, பாட்டு நின்றது, வாப்பாவின் குரல் உம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்தது. காக்காவின் விரல் அடுத்த சொல் வருவதற்குள் நிறுத்தும் பொத்தானில் இருந்தது. அவர் கேசட்டை எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, மேசைமேல் இருந்த எதையோ தேடத் தொடங்கினார். "இது பாட்டு இல்ல. வீட்ல வச்சுப் பாத்துக்கங்க."

பிறகு கேசட்டின் முதுகைப் பார்த்தோம். விற்பனைக்கு வரும் பாட்டுக் கேசட்டுகளில் முதுகுப் பக்கத்து மூலைகளில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அந்த இடத்துச் சிறு தகடுகளை உடைத்துவிட்டால், பதிவுப் பொத்தான் அழுந்தாது. தவறி அழித்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. எங்கள் கேசட்டில் ஒரு குழியைத் தாள் மடித்து அடைத்திருந்தார்கள். புதுக் கேசட் கிடைக்காத ஏதோ ஓர் இரவில், பாட்டின்மேல் பேசியிருக்கிறார்கள். பேச்சுப் பதியும்போது, பதியும் ஹெட்டுக்கு முன்னால் 'இரேஸ் ஹெட்' என்னும் இன்னொன்று நாடாவைத் துடைத்துக்கொண்டே போகும். துடைத்தது போனதுதான், எந்தக் கணினியும் அதை மீட்டுத் தராது. ஆனால் பேச்சு நின்ற இடத்தோடு துடைப்பதும் நின்றுவிடுகிறது. எனவே முந்தைய பதிவின் வால் அப்படியே மிஞ்சியிருக்கும். உம்மாவின் மறுமொழிகள் பலவும் வாப்பாவின் பேச்சின்மேல் பதிந்தவை. உம்மா குறைவாகப் பேசுபவர்கள். அதனால் உம்மா ஸலாம் சொல்லி முடித்து, 'டக்' என்று ஒலி கேட்டதும், துடைக்கப்படாமல் மிஞ்சிய வாப்பா ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து பேசத் தொடங்குவார்கள். இன்று வரை வீட்டில் எவரும் கேசட்டை அந்த 'டக்' வந்தவுடன் நிறுத்துவதில்லை.

மீட்டரைப் பார்க்கவேண்டும் என்றேன் அல்லவா என்று சொல்லும்படி, காக்கா அடுத்துக் கற்பித்தது கெயின், வால்யூம் என்னும் இரண்டையும். இந்த வேறுபாட்டை அறியாததால் நாங்கள் பட்ட ஒரு நட்டம் உண்டு. அந்த ஆண்டு நோன்புப் பெருநாளன்று, புதிதாக வாங்கிய மைக்கின் முன் உம்மாவை உட்காரவைத்து, 1968-இல் நடந்த தம் நிக்காஹ்வைப் பற்றிப் பேசச் சொன்னோம். உம்மா அன்று என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு அணைந்த கதையைச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தெளிவாகக் கேட்கட்டும் என்று கெயின் குமிழைக் கடைசி வரை திருப்பி வைத்திருந்தோம். பிறகு கேட்டால், சிரிப்பு வரும் இடமெல்லாம் தகரம் கிழிவதுபோல் இருந்தது. கணினியில் ஒலியைக் குறைத்துப் பார்த்தோம். குறைந்த ஒலியில் தகரம் கிழிந்தது.

கெயின் என்பது ஒலி உள்ளே நுழையும் வாசலின் அளவு. வால்யூம் என்பது பதிந்ததைக் காதுக்கு ஊற்றும் அளவு. பிந்தையது மிகுந்தால் குறைத்துக்கொள்ளலாம். முந்தையது மிகுந்தால், குவளை நிரம்பி வழிந்த பாயசம்போலத்தான். வழிந்தது தரையில் போயிற்று. ஒலியைத் திரையில் அலையாகப் பார்த்தால், அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும். இதற்குக் 'கிளிப்பிங்' என்று பெயர். கணினிப் பதிவில் உச்ச வரம்பு 0 டெசிபல்; மற்ற அளவுகள் எல்லாம் அதற்குக் கீழே, மைனஸ் 6, மைனஸ் 12, மைனஸ் 20 என்று எண்ணப்படுகின்றன. பேசுபவரின் உரத்த சொல் மைனஸ் 12-ஐத் தொட்டு இறங்கும்படி கெயினை வைத்தால், திடீரெனச் சிரித்தாலும் இருமினாலும் இடம் இருக்கும். பழைய நாடாவில் அளவு சற்று மீறினால் ஒலி மெல்லக் கரகரக்கும், ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கணினி பொறுக்காது. உம்மா அந்தக் கதையைப் பிறகு மூன்று முறை சொல்லிவிட்டார்கள். கதை அதேதான், அந்தச் சிரிப்பு வரவில்லை.

இதே தவறின் இன்னொரு வடிவம், கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றும்போது நேர்கிறது. டேப் கருவியின் 'லைன் அவுட்' துளையிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ கால் அல்லது அரை வோல்ட். மைக்கிலிருந்து வருவதோ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். அந்தச் சிறு துளியைப் பெருக்குவதற்கென்றே இருக்கும் மைக் துளைக்குள் லைன் கம்பியைச் செருகினால் எல்லாமே கிழியும். எனவே லைன் அவுட்டை லைன் இன்னில்தான் செருகவேண்டும். மடிக்கணினிகள் பலவற்றில் லைன் இன் கிடையாது; யூஎஸ்பி வழியே இணையும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்னும் சிறு பெட்டி ஒன்றை வாங்கினோம். மைக்குக்கும் அதுவே உதவியது.

மைக்கில் இரு பெரும் வகைகள். மேடைகளிலும் பள்ளிவாசல்களிலும் நாம் பார்க்கும் பந்துத்தலை மைக் பெரும்பாலும் 'டைனமிக்'. உள்ளே ஒரு காந்தமும், குரல் பட்டால் அசையும் கம்பிச் சுருளும் உள்ளன, மின்சாரம் வேண்டாம், கீழே விழுந்தாலும் பிழைக்கும், வாய்க்கு அருகில் உள்ளதை மட்டுமே நன்றாகக் கேட்கும். மற்றது 'கண்டென்சர்'. மிக மெல்லிய தகடு ஒன்று மின்னேற்றத்தோடு நிற்கும். மூச்சுவிடும் ஒலியையும் பிடிக்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் மைக் கம்பி வழியாகவே போகவேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் போவதால் அதற்கு 'ஃபான்டம் பவர்', அதாவது பேய் மின்சாரம், என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியின்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. நாங்கள் பெருநாளன்று வைத்தது கண்டென்சர். டைல்ஸ் பதித்த கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே. அது விசிறியையும் கேட்டது, தெருவையும் கேட்டது, உம்மாவின் குரல் சுவரில் பட்டுத் திரும்பியதையும் கேட்டது.

இங்கே நம் பள்ளிவாசல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஹல்லாப் பள்ளி ஒன்றில் ஜும்ஆ பயான் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று ஆண்டுக்கணக்காக முறையீடு. ஒவ்வொரு முறையும் ஒலியைக் கூட்டினார்கள், ஒலிபெருக்கிகளைக் கூட்டினார்கள். மேலும் விளங்காமல் போயிற்று. பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், உயர்ந்த கூரை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது. இந்த 'ரிவெர்ப்' கூடியிருக்கும் இடத்தில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். மிஞ்சினால் ஒலிபெருக்கியின் ஓசை மைக்குக்குள்ளேயே திரும்பிப் புகுந்து ஊளையிடும். மைக் செட் காக்கா ஒரு நாள் போய்ச் செய்தது ஒன்றுதான். மூன்று சாண் தள்ளி நின்று பேசிய ஹஸ்ரத்தை ஒரு சாண் தூரத்துக்கு வரச் சொன்னார். பாதி ஒலிபெருக்கிகளை நிறுத்தினார். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால், நேரடிக் குரல் 6 டெசிபல் கூடுகிறது. சுவரிலிருந்து வருவது கூடுவதில்லை. செலவு எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, நிர்வாகத்தில் சிலருக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

கேசட்டுகளுக்குத் திரும்புவோம். ஒலியைக் கணினியில் பதிவது என்பது, அலையின் உயரத்தை அடிக்கடி அளந்து எண்ணாக எழுதி வைப்பது. குறுந்தகட்டில் அப்படி ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணக்கு. இதுவே 'சாம்பிள் ரேட்'. ஒவ்வொரு அளவையும் எத்தனை நுட்பமான படிகளில் எழுதுகிறோம் என்பது 'பிட்'. 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேல். நாங்கள் 48,000 முறை, 24 பிட், ஒற்றைத் தடம், அதாவது 'மோனோ', என்று வைத்து, வேவ் கோப்பாகச் சேமித்தோம். ஒரு மணி நேரக் கேசட் ஏறத்தாழ 500 எம்பி பிடித்தது. எம்பி3 கோப்பு அதில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். காது கவனிக்காது என்று அது கருதுவதையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் அப்படி அடங்குகிறது. உறவினர்க்கு அனுப்ப அது போதும். மூலமாக வைத்துக்கொள்ள ஆகாது, நீக்கியது திரும்பாது. வாட்ஸ்அப் குரல் செய்தியும் இவ்வகைதான். வீட்டு மூத்தவர்களின் குரல் உங்களிடம் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்குமானால், அவர்கள் இருக்கும்போதே ஒருமுறை நேராகப் பதிந்துகொள்ளுங்கள்.

இவ்வாறு எல்லாக் கேசட்டுகளையும், ஸலாமைத் தவிர ஒரு சொல்லும் கேட்காமல் மாற்றி முடித்தோம். ஒன்றில் மட்டும் நாடா முழுதும் வெண்பூஞ்சை படர்ந்து எதுவும் மிஞ்சவில்லை. உம்மாவுக்கு ஒரு ஹெட்ஃபோனை மாட்டி, எந்தப் பொத்தான் எது என்று காட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அஸருக்குப் பிறகு தினமும் ஒன்றாக, பத்து நாட்கள். முடிவில் பாட்டுக் கேசட்டையும் இன்னும் நான்கையும் எங்களிடம் தந்தார்கள். "இது புள்ளைகளுக்குப் பேசுனது, நீங்க கேளுங்க." மற்ற ஐந்தையும், கடையில் கசங்கி வந்ததையும் சேர்த்து, டின்னில் போட்டு மூடினார்கள். அந்தக் கோப்புகளைத் தனி டிரைவில் மாற்றி, அதையும் அதே டின்னில் வைத்துவிட்டோம்.

எங்களுக்குக் கிடைத்தவற்றில் வாப்பா எங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, பரீட்சை என்ன ஆயிற்று, கிணற்றுக் கயிறு மாற்றினீர்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். பின்னணியில் ஒரு ஜன்னல் ஏசியின் இரைச்சல். அது சீராக இல்லை. வாப்பா பேசும்போது அடங்குகிறது. பேச்சை நிறுத்தி யோசிக்கும்போது மெல்ல மேலெழுகிறது. மறுபடி பேச வாயெடுத்ததும் சட்டென்று பின்வாங்குகிறது. இதற்குக் காரணம் அந்தக் காலக் கையடக்க டேப் ரிக்கார்டர்களில் இருந்த தானியங்கி அளவுக் கட்டுப்பாடு என்று பிறகு அறிந்தோம். பேச்சு நின்றால் கருவி தானாகவே கெயினைக் கூட்டி ஏதேனும் ஒலி உண்டா என்று தேடும்; குரல் வந்ததும் குறைத்துக்கொள்ளும். அதனால் வாப்பா எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார்கள் என்பதை ஏசியின் உயரத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

உம்மா பேசிய ஒரு பக்கத்தில் வேறொரு விந்தை. அது 90 நிமிடக் கேசட், அதன் நாடா இன்னும் மெல்லியது. சுற்றிச் சுற்றி ஆண்டுக்கணக்கில் கிடந்ததில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றிலும் இலேசாகப் பதிந்துவிட்டிருக்கிறது. உற்றுக் கேட்டால், ஓர் அமைதிக்குப் பின் உம்மா பேசுவதற்கு ஓரிரு விநாடிக்கு முன்பே, அதே சொல் மிகத் தொலைவிலிருந்து ஒருமுறை கேட்கிறது. இதற்குப் 'பிரின்ட் த்ரூ' என்று பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்த பின்னும் எங்கள் தங்கை அந்த இடத்தை இரவில் கேட்பதில்லை.

ஏசி இரைச்சலை நீக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் அதற்கு வழி உண்டு. பேச்சில்லாத இரண்டு விநாடியைக் காட்டி 'இதுதான் இரைச்சல்' என்று சொன்னால், அந்தச் சாயல் உள்ளதையெல்லாம் அது பதிவு முழுவதிலும் குறைத்துவிடும். கடைக்காரர் செய்ததும் இதைத்தான். அளவு மீறிச் செய்துவிட்டார். நாங்கள் நிதானமாகச் செய்தோம். 12 டெசிபல் அளவுக்கே குறைத்தோம். வாப்பாவின் குரல் பளிச்சென்று வெளியே வந்தது. பெருமையோடு உம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம்.

உம்மா கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஏசி எங்க போச்சு?" என்றார்கள்.

எடுத்துவிட்டோம் என்றோம்.

"ராத்திரி அது நின்னாத்தான் முழிப்பு வரும்னு சொல்லுவாக. பதினஞ்சு வருசம் அந்தச் சத்தத்துலதான் தூங்குனாக. இங்க வந்த பொறவும் ஃபேன் இல்லாமத் தூங்க மாட்டாக." பிறகு, "இதுல பேசுறது ஒங்க வாப்பாதான். ஆனா அந்த ரூம் இல்லையே" என்றார்கள்.

நீக்கிய கோப்பை அழிக்கவில்லை. அது வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் போயிற்று. உம்மாவின் செல்பேசியில் ஏசியோடு உள்ளது இருக்கிறது.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு மஃரிபுக்குப் பின், உம்மா எங்களில் மூத்தவரை அழைத்து, "அந்த மைக்க மாட்டித் தா. ஒரு கேசட்டுக்கு நான் பதில் சொல்லவே இல்ல" என்றார்கள். எந்தக் கேசட் என்று நாங்கள் கேட்கவில்லை. இம்முறை கூடத்தில் வைக்கவில்லை. பஞ்சு மெத்தையும் துணி அலமாரியும் உள்ள உம்மாவின் அறையிலேயே வைத்தோம். துணியும் பஞ்சும் எதிரொலியை விழுங்கும். கண்டென்சருக்குப் பதில் டைனமிக். 'வாப்பா' என்ற சொல்லில் உள்ள பகரம் மூச்சாக வந்து மைக்கில் மோதும்; அதற்காக மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், ஒரு சாண் தள்ளி, கன்னத்தின் பக்கமாகச் சாய்த்து வைத்தோம். விசிறியை நிறுத்தினோம். அளவு பார்ப்பதற்காக ஏதேனும் பேசச் சொன்னோம்; உம்மா பத்து வரை எண்ணினார்கள். மைனஸ் 12. சிரிப்பு வந்தாலும் வரும் என்று கெயினை இன்னும் கொஞ்சம் இறக்கினோம். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

கதவைத் திறந்து உம்மா கூப்பிட்டபோது இஷாவுக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோப்பின் நீளம் 41 நிமிடம். நாங்கள் கேட்கவில்லை. அலையை மட்டும் திரையில் பெரிதாக்கி, முதலிலிருந்து கடைசி வரை பார்த்தோம். நடுவில் நான்கு நிமிடம் ஏறத்தாழ ஒரே கோடாக இருந்தது. அதன்பின் ஓரிடத்தில் அலை உயர எழுந்து, மைனஸ் 4 வரை போய் இறங்கியிருந்தது. எந்த உச்சியும் தட்டையாக இல்லை. டிரைவைக் கழற்றி உம்மாவின் கையில் கொடுத்தோம். உம்மா அதை டின்னில் போட்டு மூடினார்கள்.